போகட்டும்னு விட்ட சத்தம்

எங்க வீட்டுக்காரருக்குப் பாம்புக் காது. துணி வெளுக்கிற ஆலையில பாய்லர்காரர். பம்பு சத்தத்தை வச்சே பாய்லர்ல தண்ணி குறையுதுன்னு சொல்லிடுவாரு. அந்தக் காதை வீட்டுக்கு வந்ததும் கழட்டி வைக்க முடியுமா? கரண்டி விழுந்தாலே தூக்கிவாரிப்போடும், உடனே கத்தல்தான். ஒருநாள் தட்டைக் கீழே போட்டதுக்குப் பொண்ணு மேல கை நீட்டிட்டாரு. அவ அப்பாகிட்டப் பேச்சையே நிறுத்திட்டா. மனுஷன் ஆடிப்போயிட்டாரு.

பொண்ணு மறுபடி "அப்பா"ன்னு கூப்பிடணும், அது ஒண்ணுதான் அவருக்கு. பழைய புத்தகக் கடையிலேருந்து தியானப் புத்தகமா வாங்கிட்டு வந்து குவிச்சாரு. கண்ணை மூடினா குறட்டை, காலை மடக்கினா மரத்துப்போகும். "சாமியாரே, சாப்பிட எழுந்து வாங்க"ன்னு கிண்டல் பண்ணுவேன். சிரிப்பாரு. அவரு சிரிச்சுப் பார்த்தே வருஷக்கணக்காச்சு, எனக்கென்ன கசக்குமா?

ஒரு புத்தகத்துல போட்டிருந்துச்சாம்: நாள் முழுக்க கூடவே இருக்கிற ஒரு சத்தத்தை எடுத்துக்கோ, அது என்ன ஏதுன்னு ஆராயாதே, வரட்டும் போகட்டும்னு விட்டுடு. எழுதின புண்ணியவான் பாய்லர் ரூமைக் கண்டானா? இவரு அந்தப் பம்பு சத்தத்தையே எடுத்துக்கிட்டாரு. வேலை நேரத்துலயே, நாற்காலியில உட்கார்ந்தபடி பழகினாரு.

பலிச்சுது. வீட்ல தட்டு விழுந்தா திரும்பிக்கூடப் பார்க்கல. பொண்ணு மெல்ல பக்கத்துல வந்து உட்கார ஆரம்பிச்சா. "அப்பா, டீ"ன்னு அவ நீட்டினப்ப, ஆறக்கூட விடாம ஒரே மூச்சுல குடிச்சுட்டாரு. நான் அடுப்படியில நின்னு அழுதேன்.

அந்த வாரமே பம்பு தண்ணி இழுக்காம சும்மா ஓடியிருக்கு. பாய்லர் காய்ஞ்சு, உள்ளே குழாய் வெடிச்சிருச்சு. அடுப்பு வாயில விறகு தள்ளிக்கிட்டிருந்தது, அங்கேயே அவருகூட வேலை பார்த்த என் தம்பி. நீராவி அப்படியே அவன் மேல அடிச்சிருக்கு. கூடப் பொறந்தவ நான், எனக்கே முகத்தைக் காட்டமாட்டேன்னுட்டாங்க.

காரியமெல்லாம் முடிஞ்சு ஆளுங்க கலைஞ்சதும் தம்பி பொண்டாட்டி அவர் முன்னாடி வந்து உட்கார்ந்தா.

"அண்ணே, உங்க காதுக்குத் தப்பி அங்கே ஒரு சத்தம் வருமா?"

காதுல விழலைன்னு சொல்லித் தொலைங்கன்னு நான் கண்ணாலயே கெஞ்சினேன். பாவி மனுஷன் நிமிர்ந்தே பார்க்கல.

"கேட்டுச்சும்மா. பம்பு சத்தம் மாறினதும் கேட்டுச்சு. போகட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு அவரை அங்கேயே அடிச்சுக் கொல்லணும் போல வந்துச்சு. அவ அழக்கூட இல்ல.

"அவரும் கத்தியிருப்பாரே அண்ணே. அதையும் விட்டுட்டீங்களா?"