ராசமணியக்காவின் பாலும் எங்கள் வீகன் கிழமையும்

போன சனிக்கிழமை யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு சுப்பர்மார்க்கெட்டுக்குள் நின்று பிஸ்கட் பைக்கற் படித்துக்கொண்டிருந்தேன்.

படித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். முன்பக்கத்தை அல்ல, பின்பக்கத்தை. பொடி எழுத்து. கண்ணாடியைக் கழற்றி, திரும்பப் போட்டு, பைக்கற்றைத் தூரத்தில் பிடித்து... பின்னால் வண்டிலோடு காத்துநின்ற, என்னிடம் படித்த பிள்ளை ஒன்றின் தகப்பன் பொறுமையிழந்துவிட்டார்.

"என்ன ரீச்சர், சோதினைக்குப் படிக்கிறியளோ?"

எல்லாம் மகளால் வந்தது. கொழும்பில் வேலை செய்யும் ஆரணி லீவில் வீட்டுக்கு வந்தவள், "அம்மா, நான் இப்ப வீகன்" என்றாள். மீன், இறைச்சி, முட்டை மட்டுமல்ல. பால், தயிர், நெய், தேன்கூட இல்லையாம். "ஒரு மாதம் நீங்களும் இருந்து பாருங்கோவன்" என்று வேறு கேட்டாள். நான் ரோசக்காரி. ஓம் என்றுவிட்டேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து, "நானும்தானோ?" என்று என் கணவரின் குரல் வந்தது.

வீகன் ஆகப் போகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள் — பால் எங்கே இல்லை என்று கேட்பதுதான் லேசு. பிஸ்கட்டில் பால்மா. மாஜரினில் பால். மீன் வைத்த மாலுபணிசுக்குப் பதிலாக மரக்கறி பணிஸ் எடுத்தால் மேலே முட்டை பூசி மினுக்கியிருக்கிறார்கள். மோர்மிளகாய்ப் பைக்கற்றை நான் வெகு நம்பிக்கையோடு கூடைக்குள் போட்டேன். ஆரணி வெளியே எடுத்து வைத்தாள். பேரிலேயே மோர் இருக்கிறது... பிறந்ததிலிருந்து பொரித்துத் தின்கிற எனக்கு அது உறைக்கவில்லை.

பாதாம் பால் என்று ஒரு பெட்டி இருந்தது. விலையைப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டோம்.

திரும்பி வரும் வழியில் சுன்னாகம் சந்தையில் இறங்கினோம். என்ன நிம்மதி தெரியுமா? கத்தரிக்காய்க்குப் பின்பக்கத்தில் எழுத்து இல்லை. முருங்கைக்காய்க்கு இல்லை. வல்லாரைக்கு இல்லை. உழுந்து, பயறு, எள்ளு, நல்லெண்ணெய், தேங்காய், ஒடியல்மா, பனங்கட்டி — பை நிரம்பி வழிந்தது. கண்ணாடி கைப்பையை விட்டு வெளியே வரவே இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் ஒரே புத்திமதி இதுதான்: முதல் கிழமை ஏழு நாளும், பின்பக்கம் படிக்கத் தேவையில்லாத சாமானாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் கிடைக்கிற இடிசம்பலில் மட்டும் கவனமாக இருங்கள், மாசிக் கருவாடு போட்டிருப்பார்கள்.

ராத்திரிக்குப் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். தேங்காய்ப்பாலில் சொதி. இவர் மூன்றாம் தரமும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "உதுதானே வீகன்? உதைத்தானே வெள்ளிக்கிழமையிலை சாப்பிடுறனாங்கள்" என்றார்.

இவ்வளவு லேசா என்று நினைத்தேன். அங்கேதான் பிசகிவிட்டது.

அடுத்த வீட்டு ராசமணியக்கா பல வருடமாக எங்களுக்குப் பால் தருகிறவர். ஒரே ஒரு சிவலை மாடு. அதை வைத்துத்தான் அவரது வீடு ஓடுகிறது. ஞாயிறு காலையில் போத்தலோடு வந்தவரிடம், "இனிப் பால் வேண்டாம் அக்கா" என்றேன். அடுப்பில் தோசை. விளக்கம் சொல்ல நேரமில்லை. அவரும் "சரி பிள்ளை" என்று போய்விட்டார்.

எங்கள் ஊரில் பால் எடுப்பதை ஒருவர் திடீரென்று நிறுத்தினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பாலில் தண்ணீர்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரம் மண்டையில் பிஸ்கட் பைக்கற் மட்டும்தான் இருந்தது.

புதன்கிழமை தையல்கடைக்குப் போனபோது கடைக்காரி என் காதுக்குக் கிட்டவந்து, "ராசமணியக்கா தண்ணி கலக்கிறாவாமே ரீச்சர்? நீங்களே நிப்பாட்டினதெண்டா விசயம் இருக்கும். நாங்களும் நிப்பாட்டிப்போட்டம். எங்கடை பக்கத்து வீட்டுக்காரரும் நிப்பாட்டிட்டினம்" என்றாள்.

நேரே ராசமணியக்கா வீட்டுக்குப் போனேன். விற்காத பால் குண்டான் நிறைய அடுப்பில் இருந்தது. அவர் முகம் கொடுக்கவில்லை. நான் வீகனை விளக்கத் தொடங்கினேன். மாடு ஒரு உயிர், அதின்ரை பால் கன்றுக்குரியது என்று, மகள் சொன்னதை அப்படியே...

"அப்ப நான் மாட்டை வதைக்கிறனெண்டு சொல்லுறியோ?"

"இல்லை அக்கா—"

"முதல் தண்ணி கலக்கிறன். இப்ப கண்டுக்குட்டியின்ரை பாலைப் பறிக்கிறன். நல்லது பிள்ளை. நீ போ."

ஒரு மனுசியின் பேர் என்னால் கெட்டுப்போனது. பேரோடு சீவியமும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆரணியோடு பிள்ளையார் கோயிலுக்குப் போய், பூசை முடிந்ததும் பெண்களைக் கூப்பிட்டு வைத்து விசயத்தைச் சொன்னேன். ராசமணியக்காவின் பாலில் ஒரு குறையும் இல்லை, நாங்கள் பாலே குடிப்பதில்லை.

"பாலும் மீன் இறைச்சி மாதிரி மச்சமோ ரீச்சர்?" என்று கேட்டார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். சைவக்காரர் பாலை விடுவதா? யாரும் நம்பவில்லை. ராசமணியக்காவைக் காப்பாற்றுவதற்காக ரீச்சர் கதை விடுகிறார் என்றே நினைத்தார்கள். தையல்கடைக்காரி மெதுவாகச் சொன்னாள்: "நல்ல பாலெண்டா நீங்கள் ஒருக்கா குடிச்சுக் காட்டுங்கோவன்."

"வாங்கோ" என்றேன்.

கோயில் வீதியால் ஒரு ஊர்வலமே புறப்பட்டது. ராசமணியக்கா எங்களைக் கண்டு முற்றத்தில் திகைத்து நின்றார். "அக்கா, பால் தாங்கோ" என்றேன். என்னை உற்றுப் பார்த்தவர், உள்ளே போய் பித்தளை மூக்குப்பேணி நிறையப் பால் கொண்டுவந்து தந்தார்.

நான் ஆரணியைப் பார்த்தேன். ஒரு கிழமை கூட முடியவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"குடியுங்கோ அம்மா" என்றாள். "நான் மற்றப் பக்கம் பாக்கிறன்."

அண்ணாந்து ஊற்றினேன். பாதி வாய்க்குள், மீதி சீலையில். ஆனால் என்ன பால் அது! மூக்குப்பேணியைக் கவிழ்த்துக் காட்டினேன். பின்னேரப் பால் மிச்சமிருக்கிறதா என்று முதலில் கேட்டவள் தையல்கடைக்காரிதான். ராசமணியக்கா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போத்தல் எடுக்க உள்ளே போனார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. சந்தோசத்தில்தான்.

இன்று காலையில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராசமணியக்கா ஒரு பையை நீட்டினார். உள்ளே அவர் வளவுக் கத்தரிக்காய், பனி காயாமல்.

"பால்தான் வேண்டாம். இதையாவது வாங்கு. உன்ரை பெட்டைப் பிள்ளைக்கு இது ஆகும்தானே?"

"ஓம் அக்கா, நல்லா ஆகும்."

போகத் திரும்பியவர் நின்றார். "சிவலையின்ரை எருதான் போட்டனான். அது பரவாயில்லையோ எண்டு பிள்ளையை ஒருக்காக் கேள்."

ஆரணி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் குழம்பு வைத்துச் சாப்பிட்டு, சட்டியும் கழுவியாயிற்று.