படிகத்தைத் திருப்பி வைத்தவர்

என் வீட்டுக்காரர் ஞானசேகரனைப் போல ஒரு வாயில்லாப் பூச்சியை எங்கள் பேட்டையான ஃபேரர் பார்க் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. பதினோரு வருஷம் பல்கலைக்கழக இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தார். அங்கே மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நேரிலா ஒளியியல் என்று ஒரு பாடம். கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி சின்னப் படிகம் ஒன்றுக்குள் போய், மறுபக்கம் பச்சையாக வரும். உள்ளே போகும் ஒளியை இரண்டு மடங்காக்கினால் பச்சை நாலு மடங்காகும். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே இதை எனக்கு விளக்கியிருக்கிறார்.

ஆனால் படிகம் சரியான கோணத்தில் நிற்க வேண்டும். அரை டிகிரி பிசகினாலும் பச்சை வராது. அந்தக் கோணத்தைப் பிள்ளைகளே தேடிப் பிடிக்க வேண்டும் என்றுதான் கையேட்டில் இருக்கிறது. முதல் வருஷம் கவிப்ரியா என்ற பெண் மூன்று மணி நேரம் தேடியும் கிடைக்காமல் மேசையில் தலை கவிழ்த்து அழுதிருக்கிறாள். இவருக்கு மனசு கேட்கவில்லை. அதற்கப்புறம் வகுப்புள்ள நாளெல்லாம் காலை ஏழு மணிக்கே போய்ப் படிகத்தைத் திருப்பிச் சரியாக வைத்துவிடுவார். முந்தின வகுப்பு கலைத்துவிட்டுப் போனதை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். யாரிடமும் மூச்சு விடவில்லை.

“பேராசிரியர்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிவைங்க” என்றேன்.

“சொன்னா புள்ளைங்களுக்கு மார்க்கைக் குறைச்சிடுவாங்க லா. எனக்கென்ன, அரை மணி நேர வேலை.”

போன வருஷம் ஆட்குறைப்புப் பேச்சு வந்தது. எந்த ஆய்வுக்கூடத்துக்கு டெக்னீஷியன் தேவை என்று மாணவர்களிடமே கருத்துக் கேட்டார்கள். பிள்ளைகள் மனதறிந்து பொய் சொல்லவில்லை. ‘சுலபமான பரிசோதனை. ஆன் பண்ணினால் பச்சை வந்துவிடும். யார் உதவியும் தேவைப்படவில்லை’ என்று எழுதினார்கள். அதைப் பார்த்துத்தான் இவருடைய வேலையை எடுத்தார்கள். ஐம்பத்தாறு வயதில் இப்போது காத்தோங் பக்கம் ஒரு காண்டோ அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. வருகிற காருக்கெல்லாம் கேட் திறந்துவிடுகிறார்.

ஜனவரியில் ஒரு சாயங்காலம் பேராசிரியர் ஸ்ரீராம் போன் செய்தார். அந்தப் பாடத்தை நடத்துகிறவர் அவர்தான். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணே, ரெண்டு வாரமா பச்சையே வர மாட்டேங்குது. போறப்ப எதையாவது தொட்டீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. திருட்டுப் பட்டம் கட்டாத குறைதான். ஆனால் இவர் குரலை உயர்த்தவில்லை.

“தொட்டேன் சார். பதினோரு வருஷமா காலையில காலையில தொட்டேன்.”

“அப்ப நாளைக்கு ஒருதடவை வந்து சரி பண்ணித் தர முடியுமாண்ணே? மதியம் கிளாஸ் இருக்கு” என்றார் பேராசிரியர். வேலையைத் திரும்பத் தருவதாக ஒரு பேச்சுகூட இல்லை. மன்னிப்பும் இல்லை.

“போகாதீங்க. அவங்களே தேடிப் பிடிக்கட்டும்” என்றேன். கெஞ்சக்கூடச் செய்தேன். மனுஷர் காண்டோவில் லீவு சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பிவிட்டார்.

படிகத்தைச் சரியாக வைத்துக் கொடுத்திருக்கிறார். மாணவர்கள் வந்ததும், லேசர் பாதுகாப்புப் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் உள்ளே இருக்கக் கூடாது, விதி அப்படி என்று வெளியே போகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலை ஒட்டிவைத்தவரே இவர்தான். மூடிய கதவுக்கு வெளியே நின்றாராம். உள்ளே பிள்ளைகள் கைதட்டியது கேட்டதாம்.

அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்கிறார்.