பூண்டுப் பரணில் கிடந்த கேசட்

என் மனைவிக்கு அவள் அப்பாவின் முகம் தெரியும். கல்யாணப் போட்டோவில் விறைப்பாக நிற்பார். குரல்தான் தெரியாது. அவள் தவழ்கிற வயதிலேயே அவர் தவறிப் போய்விட்டார். எப்படிப் பேசுவார் என்று கேட்டால் என் மாமியார், "ஆம்பளக் கொரல்தேன், வேறென்ன" என்பார். இதைவிடப் பிரயோசனமில்லாத பதிலை நான் கேட்டதில்லை.

மேல்மலையில் அவர்கள் வீட்டு அடுப்புக்கு மேலே பரண். விதைப் பூண்டைக் கட்டுக்கட்டாகப் புகையில் போட்டு வைப்பார்கள். போன அறுவடைக்குப் பூண்டு ஏற்றப் போன எனக்கு ஒரு கேசட் தட்டுப்பட்டது. கன்னங்கரேலென்று கரி.

"எங்க நாத்துனா கல்யாணத்துல பிடிச்சது மாப்பிள்ள. இவ அப்ப கைப்புள்ள. டேப்பத் தூக்கிட்டு அலைஞ்சதே உங்க மாமாதேன். பீரோவுல வச்ச கேசட்டெல்லாம் ஓதம் ஏறிப் பூத்துப்போச்சு. அதான் இதப் பூண்டோட போட்டேன்."

ஏன் இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை என்று மனைவி சண்டைக்குப் போனாள். "போட்டுக் கேக்க டேப்பு எங்கடி இருக்கு?" என்றார் மாமியார். நியாயம்தான்.

மறுநாள் வெள்ளனே பஸ் பிடித்து வத்தலக்குண்டில் இறங்கினோம். கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் கடைக்காரர் மோந்து பார்த்து, "என்னங்க, இதுல ரசம் வச்சீங்களா?" என்றார். ஆனால் நாடாவில் பூசணமே இல்லை. புகைக்கு இந்தக் குணமும் உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது.

சாயங்காலம் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து, பென்டிரைவில் ஏற்றித் தந்ததை முழுவதும் கேட்டோம். நாதஸ்வரம், குலவை, பந்தியில் இலை கேட்டுச் சத்தம். ஒவ்வொரு ஆண் குரலையும் போனில் மாமியாருக்குப் போட்டுக் காட்டினோம். "அது சமையக்காரரு." "அது எங்க அண்ணன்." முடிந்துவிட்டது. அவர் இல்லை. மனைவியின் முகம் சுண்டிப்போனது.

எனக்கு மட்டும் ஓர் உறுத்தல். நாதஸ்வரம் ஏன் பாதியில் தொடங்குகிறது? கடைக்காரரிடம் கேட்டேன்.

"மொதல்ல கொஞ்சம் வேஸ்ட்டுங்க. மைக்குகிட்ட ஒரு புள்ள கத்திக்கிட்டே கெடந்துச்சு, யாரோ சமாதானம் பண்ணிக்கிட்டு இருந்தாரு. கல்யாணந்தான வேணும்னு வெட்டிட்டேன்."

"அத மறுபடி ஏத்துங்க, வெரசா," என்றாள் என் மனைவி.

கேசட் மறுபடி சுழன்றது. கரகரப்பு, அழுகை, பிறகு மெல்லிய, கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல்.

"ஏ தாயி, அழுவாத. அப்பா இங்கனதான இருக்கேன். எங்க போயிறப் போறேன்?"

கேசட்டில் குழந்தை அழுகையை நிறுத்தியது. பெஞ்சில் என் மனைவி ஆரம்பித்தாள்.