கூரைமேல் ஒரு மானியம்

ஒரு பொருளை இனாமாகக் கொடுத்துவிடலாம், முழு விலைக்கும் விற்றுவிடலாம். "முதலில் நீங்கள் கட்டுங்கள், பிறகு ஒரு பங்கை அரசாங்கம் உங்கள் கணக்கில் போடும்" என்று சொல்லி விற்பதுதான் பெரும்பாடு. கஞ்சிக்கோட்டில் ஒரு சோலார் கடைக்காக வீடு வீடாக ஏறி ஆள் பிடிப்பது என் வேலை. வாசலில் நாய்க்கு முதலில் பதில் சொல்லிப் பழகியவர்களுக்கு என் பாடு புரியும். கிழக்கே ஒரு தெருவைக் காட்டி, அது படியாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டார். தெருக்காரர்களோ, தென்னந்தோப்புக்காரர் பொன்னுசாமி அண்ணன் வீட்டில் முதலில் வைக்கட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

சும்மா வருவது

பொன்னுசாமி அண்ணன் தோப்பு மோட்டாரைக் காட்டினார். அதன் கரண்டு பில்லை அரசாங்கமே கட்டுகிறது. அது விவசாயத்துக்கு, இது வீட்டுக்கு, இரண்டும் வேறு வேறு திட்டம் என்று தொண்டை வறளச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஏனுங்க, ஒரு கையில கரண்டச் சும்மா குடுக்கற அரசாங்கம், இன்னொரு கையில வெயில வெல போட்டு விக்குதுங்களா?"

அப்பா பேர்

எப்படியோ சம்மதித்தார். ஆனால் வீட்டுக் கரண்டு இணைப்பு யார் பேரிலோ அவருக்குத்தான் மானியம் வரும். அதுவோ காலமான அவர் அப்பா பேரில் இருந்தது. எங்கள் பக்கம் பாதி வீடுகளில் இதுதான் கதை. பில்லில் அப்பா பேரை மாற்றினால் பாகப்பிரிவினைப் பேச்சு கிளம்பிவிடும் என்று யாரும் அதைத் தொடமாட்டார்கள். அண்ணனின் தம்பியைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தம்பி கேட்டார்:

"செரி, எம்பட பங்கு வெயில எப்பங்கண்ணா தருவீங்க?"

கொத்தவரை வத்தல்

பேனல் ஏறிய மறுவாரமே கரண்டு உற்பத்தி குறைந்துவிட்டதென்று போன் வந்தது. ஓடினேன். மாடியில் பாதி பேனல் மேல் வேட்டி விரித்து, கொத்தவரை வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணனின் மனைவி தெய்வானை அக்காவின் வேலை. வத்தல் போடும் இடமெல்லாம் இப்போது பேனலின் நிழலாம். எடுக்கச் சொன்னதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்:

"அத்தன வெயிலையும் அதுவே குடிக்கோணுமா? எங்க வத்தலுக்கு ஒரு மூலைய உட்டா என்ன கொறஞ்சு போகுது?"

பட்டப்பகலில்

ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுந்து தெருவின் கம்பி அறுந்தது. உச்சி வெயிலில் எல்லா வீட்டிலும் கரண்டு போனது, சோலார் வீட்டிலும் போனது. பேட்டரி இல்லாத இந்த வகை, தெருக் கம்பியில் கரண்டு இல்லாவிட்டால் தானே நின்றுவிடும். முன்பே சொல்லியிருந்தேன், யார் காதில் விழுந்தது? நான் போனபோது தெருவே வாசலில் நின்றது. "இத்தன வெயிலடிச்சும் ஃபேன் சுத்தல, இதுக்கா மானியம்?" என்று ஒருவர் கத்தினார். பொன்னுசாமி அண்ணன் என் முகத்தையே பார்க்கவில்லை. போயிற்று வேலை என்று நினைத்தேன். அப்போது எதிர்க் கம்பத்தில் ஏணி சாத்தி, அறுந்த கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த லைன்மேன் மேலிருந்தே குரல் கொடுத்தார்:

"ஏனுங்க, அண்ணன் ஊட்டுக் கரண்டு இந்நேரம் இந்தக் கம்பிக்கு வந்திருந்தா, நான் ஏணியில்லாமயே எறங்கியிருப்பனுங்க!"

மறுநாளே அந்தத் தெருவில் மூன்று வீட்டார் கூப்பிட்டார்கள், என் வேலையும் தப்பித்தது. அடுத்த தெருவிலும் காற்று ஒரு கம்பியை அறுத்துவிட்டால் எனக்குப் பாதிப் பேச்சு மிச்சம்.