செல்வராஜுக்கு 'திரு' போட்ட பட்டன்

போன வாரம் என் ஃபோர்மேன் செல்வராஜ், துவாக்குடி ஷெட் சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "கெளம்புறேன் மொதலாளி" என்றான். காரணம்? ஒரு பட்டன்!

நான் ஐந்தாம் வகுப்புதான். மறைத்ததே இல்லை – மறைக்கப் படித்தவர்களிடம்தான் நிறைய இருக்கிறது. வெல்டிங் ராடு பிடித்த கையால் ஒரு ஷெட், ஸ்ரீரங்கத்தில் மாடி வீடு, வாராவாரம் இந்தப் பத்திரிகையில் ஒரு பக்கம்... சரி, உங்களுக்கே தெரியும்.

என் மருமகள் நிவேதாவும் பெரிய ஆள்தான். நாம் டைப் செய்ததை ஏஐ திருத்தி எழுதித்தரும் சாஃப்ட்வேரை டிசைன் செய்கிறாள். 'சுருக்கமாக', 'நட்பாக', 'மரியாதையாக' – மூன்றே பட்டன். இதற்கு மாதக்கணக்கில் மீட்டிங்காம்!

"நீங்கதான் மாமா ஃபர்ஸ்ட் யூஸர். டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க" என்றாள். பின்னே, வேறு யாரைக் கேட்பாள்?

துறையூர்த் திருவிழாவுக்குப் போன செல்வராஜ் அப்போது திரும்பியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை லோடு போயாக வேண்டும். அவன் கை படாத வெல்டிங் இன்ஸ்பெக்‌ஷனில் தேறாது. எனவே எழுதினேன்:

"டேய் செல்வராஜு, திருவிழா முடிஞ்சு சாமியே தூங்கியிருக்கும். உனக்கு அங்க என்னடா வேலை? நாளைக்கு வந்து சேரு."

'மரியாதையாக' பட்டனை அழுத்தினேன். "மதிப்பிற்குரிய திரு. செல்வராஜ் அவர்களுக்கு, விடுப்பு முடிந்தும் தாங்கள் பணிக்குத் திரும்பாதது குறித்து வருந்துகிறோம்..." ஆகா, கலெக்டர் ஆபீஸ் தோற்றது! அப்படியே அவனுக்கு வாட்ஸப்பில் தட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில்தான் சாவி மேஜைக்கு வந்தது.

"என்னடா இது?"

"இப்ப டேய்ங்கறீங்க. நேத்து 'திரு' போட்டீங்களே! வக்கீல வெச்சு எழுதுனீங்களா? புடிக்கலன்னா நேர்ல சொல்லியிருக்கலாம்ல மொதலாளி..." கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

எங்கள் ஷெட்டில் ஒருவன் பெயருக்கு முன்னால் 'திரு' வருவது மெமோவில் மட்டும்தான். அடுத்தது கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்புவது. அந்த மெஷினுக்கு இது எப்படித் தெரியும்?

நான் விளக்கம் சொல்லவில்லை. வாய் திறந்து ஒரு நிமிடம் திட்டினேன் – இங்கே அச்சில் வராது. அவன் முகம் மெல்லத் தெளிந்தது.

"அப்ப மெமோ இல்லையா?" என்று சாவியை எடுத்துக்கொண்டு வெல்டிங் பக்கம் போய்விட்டான். வெள்ளிக்கிழமை லோடும் போனது.

வீட்டில் நிவேதாவிடம் சொன்னேன். சிரித்தாள், பிறகு யோசித்தாள்.

"யாருக்கு எழுதறீங்கன்னு மொதல்ல கேக்க வெச்சிருக்கணும் மாமா. எங்க யாருக்குமே தோணல."

அத்தனை மீட்டிங்கில் தோன்றாதது!

"நாலாவதா ஒரு பட்டன் வெச்சிடறேன். உங்க பேர்லயே."

"அது என்னம்மா செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது மாமா. எழுதினதை அப்படியே விட்டுடும்."

சாஃப்ட்வேரில் இதைவிட நல்ல டிசைனை நான் பார்த்ததில்லை.