அக்கா தன் கையால் இடித்த கடை

அக்கா மறைந்து, வருகிற வெள்ளிக்கிழமையோடு ஓராண்டு நிறைவடைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களும் நண்பர்களுமான நீங்கள் முதலில் அட்டையைப் பார்த்துவிட்டு, இதைவிட நல்ல படம் கிடைக்கவில்லையா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பீர்கள். பிறகு நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், நன்றி சொல்லும் இடத்தில் உங்களைக் குறிப்பிட்டிருக்கிறோமா என்று தேடுவீர்கள். நானும் அப்படிச் செய்கிறவன்தான். ஆனால் இந்த ஒரு முறை, தயவுசெய்து நடுவில் இருப்பதையும் படியுங்கள்.

எங்கள் பஜார் தெருவில் அக்காவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அம்மன் கோயிலில் செய்த சத்தியத்தை மீறித் தெருவைக் காட்டிக்கொடுத்தவர் என்று. அது பொய் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை இங்கே எழுதாவிட்டால் நான் அவருடைய தம்பி என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

அக்கா பிறந்தது வேப்பம்பட்டில். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நான் பிறந்தபோது அக்காவுக்குப் பத்து வயது. என்னை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்ததால்தான் தான் உயரமாக வளரவில்லை என்று கடைசி வரை குறை சொல்வார். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆவடியில் பாக்டரி வேலையில் இருந்த மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சேக்காட்டில் ஓட்டு வீட்டில் குடித்தனம். மகள் செல்விக்கு நான்கு வயதாகும்போது மாமா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவரைக் கொண்டுபோக வந்த வண்டி அந்த வீட்டுத் தெருவுக்குள் நுழைய முடியாமல் ஹைரோட்டிலேயே நின்றது. அவ்வளவு குறுகல். அதுவரை தோளில் சுமந்து போனோம்.

மாமாவின் வேலையைக் கேட்டு மனு போடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அக்கா சம்மதிக்கவில்லை.

"இன்னா வேலை குடுப்பாங்க? கூட்டுற வேலை. அதுக்கு என் ஊட்டையே கூட்டிகினு இருப்பேன். எனக்கு ஒரு மாவு மெஷின் வாங்கிக் குடுங்க" என்றார்.

அப்படித்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் பஜார் தெருவில் அக்காவின் மாவு மில் வந்தது. அப்போது அதைத் தெரு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஸ்டேஷனிலிருந்து ஹைரோட்டுக்குப் போகும் ஒரு மண் பாதை. ஒரு விறகு விற்கும் தொட்டி, ஒரு சைக்கிள் கடை, தங்கவேலு அண்ணனின் காபித்தூள் கடை, அதற்கு நேர் எதிரே அக்காவின் மில். மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆனால் பாக்டரியில் சாயங்காலச் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் ஆற்றுவெள்ளம் மாதிரி அந்தப் பாதையில்தான் வரும். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் ஒவ்வொரு கடையாக வந்தது. நானும் அக்காவின் மில்லை ஒட்டி ஒரு பேன்சி ஸ்டோர் வைத்தேன். ஐந்தாறு வருடத்தில் ஜவுளிக்கடை, செருப்புக்கடை, கேசட் கடை, எஸ்.டி.டி. பூத் என்று தெரு நிரம்பிவிட்டது.

நிரம்பியது மட்டுமல்ல, பிதுங்கியது. அதை ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் செய்தவர்களில் நானும் ஒருவன். முதலில் வெயிலுக்கு என்று ஒரு ஓலைத் தடுப்பு. அடுத்த வருடம் ஓலை போய் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதற்கடுத்த வருடம் ஷீட்டைத் தாங்க இரண்டு தூண். தூண்களுக்கு நடுவே சுவர். எதிரே இருப்பவன் ஒரு அடி வந்தால் நாம் இரண்டு அடி போவோம். அக்கா மிளகாய் அரைக்கும் மெஷினை உள்ளே வைத்தால் அரிசி மாவில் காரம் ஏறுகிறது என்று முன்பக்கம் நான்கு அடி இழுத்துக் கட்டினார். நானும் கூடவே இழுத்தேன். இரண்டு கடைக்கும் முன்பக்கத் தளம் ஒரே நாளில், ஒரே கொத்தனார், ஒரே கம்பி போட்டுக் கட்டியது. அதே சூட்டில் என் கடைக்கு மேலே ஒரு மாடி அறையும் எழுப்பிக்கொண்டு, மனைவி குழந்தைகளோடு அங்கேயே குடிவந்தேன். கம்பி கட்டிய நாள் முழுவதும் அக்கா தலையில் மாவோடு வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "என் காசுல என்னென்ன போவுதுன்னு பாக்க வேணாமா?" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தெருவை அளக்க வந்தார்கள். அகலப்படுத்தி, பஸ் விடப்போவதாகச் சொன்னார்கள். டேப்பைப் பிடித்து அளந்து, ஒவ்வொரு கடையின் பக்கச் சுவரிலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு முன்னால் இருப்பதை நாங்களே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் குறிப்பிட்ட திங்கட்கிழமை பொக்லைன் வந்து எடுக்கும். அக்காவின் கடையில் கோடு மிளகாய் மெஷினுக்குப் பின்னால் போனது.

அப்போது வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர் தங்கவேலு அண்ணன், செயலாளர் நான். வக்கீலைப் பார்த்தோம். கோர்ட்டில் ஸ்டே வாங்கிவிடலாம், அதுவரை ஒருவர்கூட ஒரு செங்கல்லைத் தொடக்கூடாது, ஒருவர் தொட்டால் கேஸ் நிற்காது என்றார். எனவே தெரு முனையில் இருக்கும் அம்மன் கோயிலில் கூடினோம். தட்டில் கற்பூரம் எரிய, ஒவ்வொரு கடைக்காரராக வந்து உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தோம். மீண்டும் ஏற்றுவார்கள், அடுத்தவர் அடிப்பார். அக்காவின் முறை வந்தபோது அவர் அங்கே இல்லை. மில்லில் ஆள் நின்றுகொண்டிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செயலாளரின் அக்காவே வரவில்லை என்றால் மற்றவன் என்ன நினைப்பான்?

"அக்காவுக்கும் சேத்து நானே அடிச்சிடுறேன்" என்றேன். இரண்டாம் முறை கையைக் கொண்டுபோய் அடித்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று மாலை மில்லுக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அக்கா மெஷினை நிறுத்தினார்.

"என்னக் கேட்டியா?"

"கேக்க இன்னாக்கா கீது? எல்லாரும் ஒண்ணா நின்னாதான் ஸ்டே வரும்."

"வரலன்னா?"

"வந்துடும்."

"வரலன்னா இன்னாடா பண்ணுவ? அந்த வண்டி வந்து முன்னாடி புடிச்சி இழுக்கும். முன்னாடி போட்ட கம்பி உன் மாடி வரிக்கும் போவுது. நான் நின்னு பாத்தேன். முன்னாடி இழுத்தா பின்னாடி உன் பொண்டாட்டி புள்ள நிக்கிற தரையும் சேந்து வரும்."

நான் சிரித்தேன். மில்லில் நிற்பவருக்குக் கம்பியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

திங்கட்கிழமைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, காலையில் ஷட்டரைத் தூக்க வந்த நான் உளிச் சத்தம் கேட்டு நின்றேன். அக்கா மிளகாய் மெஷினை உள்ளே நகர்த்திவிட்டுக் கொத்தனாரை வைத்துத் தன் கடையின் முன்பக்கத்தை இடித்துக்கொண்டிருந்தார். கொத்தனார் காங்கிரீட்டைக் கொத்திக் கம்பியைத் திறந்து காட்ட, அக்கா கீழே உட்கார்ந்து இடிபாடுகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். தெருவே கூடிவிட்டது. தங்கவேலு அண்ணன் என்னிடம் வந்தார்.

"இன்னா செகரெட்டரி, உன் அக்கா இன்னா பண்ணிகினு கீது? சத்தியம் பண்ணது இன்னாத்துக்கு?"

எனக்கு முகம் எரிந்தது. எல்லோர் எதிரிலும் அக்காவைப் பார்த்துக் கத்தினேன். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நானா அடிச்சேன்? நீ அடிச்ச. உன் கைக்கு நீ பதில் சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து நான் அவரிடம் பேசவில்லை. தெருவும் பேசவில்லை. அந்த ஒன்பது நாளும் மில்லுக்கு உள்ளூர் ஆள் ஒருவர்கூட வரவில்லை. அதிகாரிகளோடு ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டுதான் இடிக்கிறார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். சங்கக் கூட்டத்தில் அதை என் காதுபடச் சொன்னார்கள். அக்கா அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் தலையைக் குனிந்து தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். கோபம் மட்டும் காரணமில்லை. அவருக்கும் சேர்த்து நான் அடித்த கற்பூரத்தை அவர் மீறுகிறாரே, அம்மன் யாரைத் தண்டிப்பாள், அவரையா என்னையா என் பிள்ளைகளையா என்ற பயம். ராத்திரி தூக்கம் இல்லை. மாடியில் நடக்கும்போது அக்கா சொன்ன கம்பி காலுக்குக் கீழே போவது போலவே இருந்தது. ஆனாலும் இறங்கிப்போய் அவரிடம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வந்தது. ஸ்டே வரவில்லை. கோர்ட்டுக்குப் போனவரிடமிருந்து ஒரு போன் வருமென்று எஸ்.டி.டி. பூத் வாசலில் நான் நின்றுகொண்டிருக்கும்போதே பொக்லைன் ஹைரோட்டிலிருந்து உள்ளே திரும்பியது. நாங்கள் கைகோத்து வரிசையாக நின்றோம். போலீஸ்காரர்கள் அடிக்கவெல்லாம் இல்லை, ஓரமாக ஒதுக்கினார்கள், அவ்வளவுதான். முதலில் தங்கவேலு அண்ணனின் காபித்தூள் கடை. டிரைவர் பார்த்துத்தான் செய்தார். கோட்டுக்கு முன்னால் இருந்த தளத்தைத்தான் பிடித்தார். ஆனால் அந்தத் தளம் தனியாக வரவில்லை. உள்ளே இருந்த கூரையையும் இழுத்துக்கொண்டு, மொத்தமும் ஒரு மூச்சில் உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. காபிக்கொட்டை வறுக்கும் மெஷின் அடியில் நசுங்கிவிட்டது. புழுதியோடு காபி வாசனை தெரு முழுவதும் அடித்தது.

நான் என் மாடியைப் பார்த்தேன். என் மனைவி சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றிருந்தாள். இறங்கச் சொல்லிக் கையை ஆட்டினேன்; அவள் பொக்லைனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொக்லைன் எங்கள் பக்கம் திரும்பியது.

அப்போதுதான் அக்கா மில்லிலிருந்து இறங்கிவந்து என் கடைக்கு முன்னால், வண்டிக்கு நேராக நின்றார். தலையில் அதே மாவு. அதிகாரியிடம் கையெடுத்துக் கும்பிடவில்லை, அழவில்லை. தன் கடையைக் கையால் காட்டினார்.

"சார், இது என் கடை. கோட்டுக்கு அந்தாண்ட ஒரு செங்கல் இல்ல, பாத்துக்கோங்க. இது என் தம்பி ஊடு. இதே கொத்தனாரு கீறாரு, ஆக்ஸா பிளேடு கீது. கம்பிய அறுத்து வுட்டுட்டு இடிச்சிக்கிறோம். சாயங்காலம் வரிக்கும் டைம் குடுங்க. முடியலன்னா நீங்களே இடிங்க."

அதிகாரி அக்காவின் கடையைப் பார்த்தார். சிவப்புக் கோட்டை ஒட்டி நேராக வெட்டி, கம்பிகளை அறுத்து, என் தளத்துக்கும் அவர் தளத்துக்கும் நடுவே பிரித்துவிட்டிருந்தார். என் மாடிக்கு அடியில், தன் கடைப் பக்கத்திலிருந்து இரண்டு சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். அதை நான் அன்றுதான் பார்த்தேன். ஒன்பது நாளும் அவர் வாசலைப் பார்க்காமல் போய்வந்தவன் நான். அதிகாரி வாட்சைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணி என்று சொல்லி வண்டியை அடுத்த கடைக்கு அனுப்பினார்.

கொத்தனார் கொத்தினார். நான் ஆக்ஸா பிளேடால் அறுத்தேன். அக்கா கூடை கூடையாக அள்ளினார். என் கையாலேயே என் சத்தியத்தையும் மீறினேன். சங்கு ஊதும் நேரத்துக்கு வேலை முடிந்தது. மாடித் தரையில் ஒரு கீறல் இல்லை.

அன்று நான் அக்காவுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எதிரே தங்கவேலு அண்ணன் இடிந்த கடை முன் உட்கார்ந்திருக்க, நான் எந்த முகத்தோடு சொல்வது என்று நினைத்தேன். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். அந்த மறுநாள் வரவேயில்லை. செயலாளர் பதவியை விட்டேன். அக்காவோடு சாதாரணமாகப் பேச ஆரம்பித்தேன், ஆனால் அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. தெரு அகலமானது, தார் போட்டார்கள், பஸ் வந்தது, பட்டாபிராமிலிருந்தும் பாக்டரி குவார்ட்டர்ஸிலிருந்தும் கூட்டம் வந்தது, எல்லோரும் முன்னைவிட நன்றாகவே பிழைத்தார்கள். 'காட்டிக்கொடுத்த மில்லு' என்ற பேர் மட்டும் போகவில்லை. அது என் காதில் விழும்போதெல்லாம் நான் சில்லறை எண்ணுவது போல நடிப்பேன்.

செல்வியைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, மில்லையும் அவளுக்கே பழக்கினார் அக்கா. போன வருடம் மூச்சிரைப்பு முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு பகல் வேளையில் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். கேட்டுவிட்டேன்.

"அக்கா, அந்தக் கற்பூரத்தாலதான் உனக்கு இப்டி ஆயிடுச்சோ?"

அக்கா ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார். "அத்த இன்னும் வெச்சிகினு கீறியா? யார் கை சுட்டுதுன்னு ஆத்தாவுக்குத் தெரியாதா? போயி டீ குடிச்சிட்டு வா." நான் டீ குடிக்கப் போனேன். அன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் அக்கா இல்லை.

அக்காவை மில்லில்தான் கிடத்தியிருந்தோம். துக்கத்துக்குத் தங்கவேலு அண்ணன் வந்தார். மாலையைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இனியும் தாங்காது என்று, "அண்ணே, அக்கா அன்னிக்கு இடிச்சது என் மாடிய காப்பாத்தத்தான்" என்றேன்.

"தெரியும்" என்றார். "கொத்தனாரு வண்டி வந்த வாரமே சொல்ட்டாரு. என் ஊட்டு மொளகா என்னிக்காச்சும் வேற மில்லுக்குப் போச்சா? உன் அக்கா மேல எனக்கு இன்னா கோவம்? நீ எப்ப வாயத் தொறப்பேன்னுதான் ஆறு வருசமா பாத்துகினு கீறேன்."

எங்கள் தெரு வழியாக ஒரு சாவு போனால் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்குவது வழக்கம். அன்று வண்டி நேராக மில் வாசலுக்கே வந்தது, தெரு அவ்வளவு அகலம். அக்காவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது எதிர்க்கடையில் தங்கவேலு அண்ணன் ஷட்டரை முழுவதும் இறக்கிப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார்.

ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், வேப்பம்பட்டிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற சித்தப்பா வீட்டாருக்கும், பதினாறு நாளும் சமையலைப் பார்த்துக்கொண்ட சேக்காட்டு அண்டைவீட்டாருக்கும், அன்று உளி பிடித்த கொத்தனாருக்கும், தங்கவேலு அண்ணனுக்கும், ஷட்டரை இறக்கிய பஜார் தெரு வியாபாரிகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

இன்னும் ஒருவருக்குப் பாக்கி இருக்கிறது. அக்கா, நீ அன்று பொக்லைனுக்கு முன்னால் நின்றதற்கு நன்றி. நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "இப்பதான் வாய் வந்துதாடா உனக்கு?" என்பாய்.

தம்பி