பன்னிரண்டுக்கு அப்புறம் இரண்டு

பேருந்து நிலையத்தில் மைக் பிடித்தவர் அவர். தெருவில் எல்லாருக்கும் அவர் மைக் மாமாதான். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று அவர் சொல்கிற தோரணையில், போக வேண்டிய வேலை இல்லாதவனுக்கும் ஏறி உட்காரலாமா என்று தோன்றும். அப்படிப்பட்ட வாய்க்கு ஒரு நாள் காலையில் பூட்டு விழுந்தது. மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதாம். கை கால் தப்பித்தது, பேச்சுதான் போனது.

பேச்சுப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். வாராவாரம் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வைத்துப் போனில் பதிவு செய்ய வேண்டும். பயிற்சியை மட்டும் விட்டுவிடக் கூடாது, விட்டால் வந்ததும் போய்விடும். என்ன வாக்கியம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "பயணிகளின் கவனத்திற்கு" என்று தொடங்கும் அவருடைய பழைய அறிவிப்புதான்.

வீட்டிலேயே திரைச்சீலை தைக்கிறவள் அவர் மனைவி. கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போனை எடுப்பாள், பதிவு செய்வாள், மகள் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த 'அப்பா பேச்சு' என்ற ஃபோல்டரில் சேர்ப்பாள். முதல் வாரத்துக்கு 1, அடுத்ததுக்கு 2. இப்படியே 12 வரை வந்துவிட்டது. பன்னிரண்டாவது வாரம் மனுஷன் முக்கால்வாசி அறிவிப்பைச் சொல்லி முடித்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் ஏற்றி டிவியில் செருகினாள்.

"கேட்டுக்கிட்டே இருங்க, இந்தத் திரையைக் கொடுத்துட்டு வந்துடறேன்."

அவர் தனியாக உட்கார்ந்து கேட்டார். முதலில் வெறும் "ப... ப..." சரி, ஆரம்பம் அப்படித்தானே. அடுத்ததிலேயே பாதி வாக்கியம் வந்தது. அதற்கடுத்தது இன்னும் நன்றாக. நாலாவதில் கிட்டத்தட்ட பழைய ஆளே பேசினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐந்தாவதில் மறுபடியும் "ப... ப..." ஆறாவதும் அதே லட்சணம். அவர் டிவியை அணைத்துவிட்டார். ஏறியது எல்லாம் இறங்கிவிட்டது, நமக்குத்தான் நன்றாகப் பேசுகிற நினைப்பு, வீட்டில் எல்லாரும் மனசு நோகக் கூடாதென்று தலையாட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்.

அன்றிலிருந்து போனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். அசைந்து கொடுக்கவில்லை. டாக்டரம்மா சொன்னதை நினைத்து ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"என்னதான் ஆச்சு உங்களுக்கு? சொல்லித் தொலைங்களேன்."

அவர் டிவியைக் காட்டினார். "கீழ... போகுது."

அவள் டிவியைப் போட்டுப் பட்டியலைப் பார்த்தாள். 1, 10, 11, 12, 2, 3.

"பன்னண்டுக்கு அப்புறம் ரெண்டா? இது எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச டிவி?"

மகளுக்குப் போன் போட்டாள். அவள் முதலில் சிரித்தாள், அப்பா வாயை மூடிக்கொண்ட கதையைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"டிஸ்க்குக்குள்ள எதுவும் வரிசையா இருக்காதும்மா. காலியா கிடக்கிற இடத்துல போட்டு வைக்கும். எது எங்க கிடக்குன்னு நினைவு வச்சுக்கிறதுதான் ஃபோல்டரோட வேலை. வரிசை கட்டுறது, அதைத் திறக்கிற மெஷினோட இஷ்டம். நம்ம கம்ப்யூட்டர் எண்ணாப் பார்க்கும். அந்த டிவி, ஃபைல் பேரோட முதல் எழுத்தைத்தான் முதல்ல பார்க்குது. ஒண்ணுல ஆரம்பிக்கிறதெல்லாம் முன்னாடி போய் நின்னுடும். ஒன்பது வரைக்கும் முன்னாடி ஒரு பூஜ்யம் போடு, சரியாயிடும்."

ஒரு பூஜ்யம் இல்லாததற்கு ஒரு மனுஷன் பேச்சையே விட்டிருப்பார். கேட்டால் எரிச்சல் வருமா வராதா?

பூஜ்யம் போட்டு, இந்தத் தடவை பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட விட்டாள். ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே வந்தது. பன்னிரண்டு முடிந்ததும் அவர் ரிமோட்டை வாங்கி மறுபடியும் முதல் பதிவைப் போட்டார்.

"அதான் சரியாயிடுச்சே, திரும்ப எதுக்கு அந்தக் கண்றாவி?"

அவர் கையமர்த்தினார். "ப... ப..." என்ற அவர் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல். "மெதுவாங்க. அவசரமே இல்லைங்க. நான் இங்கதான் இருக்கேன்." நூல் மாதிரி மெலிந்த குரல். பன்னிரண்டாவதில், யாருக்கோ வந்த விருந்து மாதிரி முணுமுணுக்காதீங்க என்று போட்டுத் தாளித்தவளும் இவளேதான்.

"நீ... பயந்து... போயிருக்க," என்றார். "எனக்கு... தெரியல."

"தெரியக் கூடாதுன்னுதானே இருந்தேன்," என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை, அழுதுவிட்டாள்.

அவர் எழுந்து போய்ப் போனை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார்.

பதிமூன்றாவது பதிவில் அறிவிப்பு முழுசாக இருக்கிறது. நடுநடுவே மூக்கை உறிஞ்சுவது அவள்.